கோமாரிக் கிருமி நடந்து வரும் வழி: மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

சிறு விவசாயி வீட்டில் மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்ப்பதும், தண்ணீர் காட்டுவதும், சாணம் அள்ளுவதும் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் வேலையாகவே இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். மாட்டின் முகத்தை வீட்டில் எவரையும் விட நெருக்கத்தில் பார்ப்பவர்கள் அவர்களே. ஆனால் நோய்க் கிருமியைப் பற்றிப் பள்ளியில் படிக்கும் பாடம் வேறு, தொழுவத்தில் செய்யும் வேலை வேறு என்று இருக்கிறது. லூயி பாஸ்டர் பெயரை எழுதி மதிப்பெண் வாங்கும் பையன், பக்கத்து வீட்டு நோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய அதே வாளியைத் தன் வீட்டுக் கன்றின் முன் வைக்கிறான். இது பையனுடைய குற்றம் அன்று. வாளிக்கும் பாடத்துக்கும் உள்ள தொடர்பை எவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இதைச் சொல்லித் தர ஆய்வுக்கூடமோ மைக்ராஸ்கோப்போ தேவையில்லை. ஒரு கரண்டி மோர், ஒரு பொட்டலம் குங்குமம், கொஞ்சம் எண்ணெய் போதும். ஊர்ப் பள்ளி ஆசிரியர் சொல்லித் தரலாம். தகப்பனாரோ தாயாரோ தொழுவத்திலேயே சொல்லித் தரலாம். பிள்ளைக்குச் சொல்லும் சாக்கில் பெரியவர்களும் தெரிந்து கொண்டால் நட்டமில்லை.

உறை மோர் சொல்லும் செய்தி

இரவு பாலைக் காய்ச்சி ஆற வைத்து, ஒரு கரண்டி மோரை உறை ஊற்றுகிறோம். காலையில் பாத்திரம் முழுவதும் தயிராகி விடுகிறது. கரண்டி மோரில் இருந்த கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று பெருகிப் பாலைப் புளிக்க வைத்ததே இதற்குக் காரணம். அரை மணிக்கு ஒரு முறை ஒன்று இரண்டாகப் பிரியும் கிருமி, 10 மணி நேரத்தில் 20 முறை இரட்டிக்கும். ஒரே கிருமியில் தொடங்கினால் விடியும்போது எத்தனை என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்ல வேண்டும். விடை 10 லட்சத்தைத் தாண்டும். அவர்களே போட்டுப் பார்த்த கணக்கு மறக்காது.

அதே இரவில் இன்னொரு பாத்திரத்தில், பால் கொதித்துக் கொண்டிருக்கும்போதே சில துளி மோரை விட்டு மூடி வைக்கலாம். காலையில் அது தோய்ந்திருக்காது. சூட்டில் கிருமி மடிந்து விட்டது.

தயிர்க் கிருமி நமக்கு நண்பன். கால்நடைகளுக்கு நோய் தருபவை வேறு. மடிநோய், தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றைத் தருபவை பெரும்பாலும் தயிர்க் கிருமியைப் போன்ற பாக்டீரியா வகை. கோமாரியைத் தருவது வைரஸ் என்னும் மிகமிக நுண்ணிய வகை. வைரஸ் பாலிலும் தண்ணீரிலும் தானாகப் பெருகாது. உயிருள்ள பிராணியின் உடலுக்குள் புகுந்துதான் பெருக வேண்டும். வெளியில் அது வெறுமனே காத்திருக்கிறது. யாராவது தூக்கிச் சென்று அடுத்த மாட்டிடம் சேர்க்க வேண்டும்.

1898-ல் ஜெர்மனியில் லெஃப்ளர், ஃப்ராஷ் என்ற இரு விஞ்ஞானிகள் கோமாரி கண்ட மாட்டின் கொப்புள நீரை, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடிகட்டினார்கள். வடிந்த தெளிநீரும் கன்றுகளுக்கு நோயைத் தந்தது. பிராணி நோய்களில் வைரஸால் வருவது என்று முதன்முதலாகத் தெரிந்தது கோமாரிதான். பள்ளிப் புத்தகங்களில் அதிகம் வராத ஒரு பின்கதையும் இதற்கு உண்டு. லெஃப்ளர் ஆராய்ச்சி நடத்திய கிரைஃப்ஸ்வால்ட் நகரிலிருந்து கிருமி தப்பி, அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு நோய் பரவி விட்டது. அங்கே ஆராய்ச்சியை நிறுத்த நேர்ந்தது. 1910-ல் பால்டிக் கடலோரம் உள்ள ரீம்ஸ் என்ற சிறு தீவில் மீண்டும் தொடங்கினார்கள். கிருமியை ஆராய்ந்த விஞ்ஞானியாலேயே அதைக் கட்டி வைக்க முடியவில்லை. தொழுவத்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை இதிலிருந்து எண்ணிப் பார்க்கலாம்.

குங்குமம் காட்டும் தடம்

இனி அடுத்த செய்முறை. ஒரு மாணவனின் உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெயும் குங்குமமும் குழைத்துத் தடவ வேண்டும். பிறகு அவனும் மற்றப் பிள்ளைகளும் வழக்கம்போல் தொழுவ வேலைகளைக் கால் மணி நேரம் செய்ய வேண்டும். கயிற்றை அவிழ்த்தல், வாளி தூக்குதல், தவிடு கலக்குதல், வைக்கோல் உதறிப் போடுதல். நேரம் முடிந்ததும் குங்குமம் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று தேடச் சொல்ல வேண்டும். தும்பில் இருக்கும், வாளிப் பிடியில் இருக்கும், தொட்டி விளிம்பில், படலில், இன்னொரு பையன் கையில், கடைசியில் முதல் பையனின் மூக்கு நுனியிலும் இருக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு, கோமாரிக் கிருமிக்கு இந்தச் சிவப்பு நிறம் கிடையாது என்று சொன்னால் போதும்.

இதே செய்முறையை இன்னொரு நாள் மாற்றிச் செய்ய வேண்டும். முதல் நாள் குங்குமக் கையோடு முதல் மாட்டைத் தொட்டுவிட்டு வரிசையாக மற்ற மாடுகளிடம் போனோம். இப்போது வெறுங்கையோடு மற்ற மாடுகளின் வேலையெல்லாம் முடித்துவிட்டு, கடைசி மாட்டிடம் போகும்போது மட்டும் குங்குமம் தடவிக் கொள்ளட்டும். வேலை அதே வேலைதான், நேரமும் அதேதான். ஆனால் மற்ற மாடுகளின் கயிறுகளில் ஒரு பொட்டுக் குங்குமம் கூட இராது. நலமான மாட்டை முதலிலும் நோய் மாட்டைக் கடைசியிலும் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுவே. பால் கறப்பதற்கும் இதே வரிசைதான். மடிநோய் கறப்பவர் கை வழியாகவே ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போகிறது. காசு செலவில்லாத தடுப்பு முறை இதைப்போல் வேறொன்று இல்லை. இருந்தும், நோய் கண்ட மாட்டின் மேல் உள்ள இரக்கத்தால் விடிந்ததும் முதலில் அதனிடம்தான் ஓடுகிறோம்.

கோமாரி வந்தால் இழப்பு எவ்வளவு?

காணை நோய், கால் வாய் நோய் என்றும் சொல்லப்படும் கோமாரியில் பெரிய மாடு சாவது குறைவு. அதனால்தான் சிலர் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. இரண்டு கறவை மாடும் ஒரு கன்றும் நாலு வெள்ளாடும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். மாட்டுக்கு முதலில் கடும் காய்ச்சல். அசை போடுவது நின்று விடுகிறது. நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் எழும்பி உடைகிறது. எச்சில் நூல் நூலாக வடிகிறது. வாயைச் சப்புக் கொட்டுகிறது. குளம்பின் இடுக்கில் புண் வந்து காலை உதறி நொண்டுகிறது. காம்பில் புண் வந்தால் கறக்க விடாது. பால் பாதியாகி, சில நாளில் சொசைட்டிக்கு ஊற்றப் பாலே இராது. மாடு வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் நிற்காது.

கன்றின் நிலை இன்னும் மோசம். கிருமி இளங்கன்றின் இருதயத் தசையைத் தாக்குகிறது. வாயில் ஒரு கொப்புளமும் தெரியாமல், பால் குடித்துக் கொண்டிருக்கும்போதே கன்று விழுந்து இறந்து விடும். திருஷ்டி என்றும் பாம்பு தீண்டியது என்றும் சொல்லிப் புதைத்து விடுகிறார்கள். நோய் கண்ட தாயிடம் கன்றை ஊட்ட விடவே கூடாது. நலமான மாட்டின் பாலைக் காய்ச்சி ஆற வைத்துக் கன்றுக்குப் புகட்ட வேண்டும். புண்கள் ஆறிய பிறகும் இழப்பு முடிவதில்லை. கலப்பின மாடுகளில் சில, கோமாரிக்குப் பின் வெயில் தாங்காமல் நாக்கைத் தள்ளி இரைக்கும். ரோமம் நீண்டு வளரும். சினை பிடிப்பதும் தள்ளிப் போகும். அப்படிப்பட்ட மாட்டைச் சந்தையில் பார்த்த மாத்திரத்தில் தரகர்கள் கண்டு கொள்கிறார்கள். அரை விலைக்கும் போகாது.

வெள்ளாடு, செம்மறிகளில் இந்நோய் இலேசாகவே தெரியும். ஓரிரு நாள் நொண்டிவிட்டுச் சரியாகிவிடும். ஆனால் அவற்றிலிருந்து மாட்டுக்குத் தொற்றும்.

சந்தை வழி

கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்பட 2 நாள் முதல் 14 நாள் வரை ஆகலாம். கொப்புளம் எழும்புவதற்கு முன்பே பாலிலும் எச்சிலிலும் மூச்சுக் காற்றிலும் கிருமி வெளிப்படக் கூடும். சந்தையில் பல் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, மடி பார்த்து வாங்கிய மாடு நம் கொட்டிலுக்கு வந்து ஐந்தாம் நாள் எச்சில் வடிக்கிறது என்றால், விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. அவருக்கே தெரிந்திராது.

2001-ல் இங்கிலாந்தில் நடந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. வடக்கே நார்தம்பர்லாந்து பகுதியில் ஒரு பன்றிப் பண்ணையில், சரியாக வேக வைக்காத எச்சில் உணவுக் கழிவைத் தீனியாகப் போட்டதிலிருந்து கோமாரி தொடங்கியதாகப் பின்னர் கண்டறிந்தார்கள். அது அருகிலிருந்த செம்மறி ஆடுகளுக்குத் தொற்றியது. நோய் தெரியாத அந்த ஆடுகள் ஹெக்ஸாம் சந்தைக்குப் போயின. அங்கிருந்து லாங்டவுன் என்ற பெரிய சந்தைக்கும், பிறகு வியாபாரிகளின் லாரிகளில் நாட்டின் பல பக்கங்களுக்கும் போயின. பிப்ரவரி 20-ந் தேதி நோய் உறுதியானபோதே 50-க்கும் மேற்பட்ட பண்ணைகளில் கிருமி நுழைந்து விட்டிருந்தது. நோயை ஒழிக்க அங்கே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொல்ல வேண்டி வந்தது. மருத்துவ வசதி மிக்க ஒரு நாட்டில் இரண்டு சந்தைகள் செய்த வேலை இது.

காற்றிலும் இக்கிருமி போகும். 1981-ல் பிரான்சின் பிரிட்டனி கரையிலிருந்து கடலைத் தாண்டி இங்கிலாந்தை ஒட்டிய ஒயிட் தீவு வரை காற்றில் சென்றிருக்கிறது. ஆனால் அதற்கு ஈரமும் குளிரும் வேண்டும். நம் ஊர் வெயிலில், காய்ந்த தரையில் கிருமி சில நாட்களில் மடிந்து போகும். ஈரமான சாணக் குவியலிலும் எச்சில் பட்ட வைக்கோலிலும்தான் வாரக்கணக்கில் தங்கும். நாம் அஞ்ச வேண்டியது காற்றை விட ஈர வாளிக்கும், சேறு பட்ட செருப்புக்கும், வீடு வீடாகப் போகும் கறவைக்காரர் கைக்குமே ஆகும்.

ஆகவே சந்தையில் வாங்கிய மாட்டைக் கட்டுத்தறியில் மற்ற மாடுகளோடு சேர்க்காமல் 3 வாரம் தனியே கட்ட வேண்டும். இரண்டு சென்ட் நிலத்தில் வீடும் தொழுவமும் வைத்திருப்பவர் தனிக் கொட்டிலுக்கு எங்கே போவார் என்ற கேள்வி நியாயமானதே. தனிக் கொட்டில் தேவையில்லை. வேலியோர மரத்தடி போதும். மற்ற மாடுகளின் மூக்கு எட்டாத தூரமும், தனி வாளியும், தனிக் கயிறும், கடைசியில் கவனிப்பு என்ற வரிசையும் இருந்தால் பெரும் பகுதி ஆபத்து நீங்கும். சந்தைக்குப் போய் விற்காமல் திரும்பி வந்த சொந்த மாட்டையும் புது மாடாகவே கருத வேண்டும். இதைத்தான் பலரும் மறந்து விடுகிறார்கள்.

ஊரில் கோமாரி இருக்கும்போது பார்க்கப் போவதையும் குறைக்க வேண்டும். நோய் மாட்டின் அருகே இருந்தவர் மூக்கிலும் தொண்டையிலும் கிருமி சுமார் ஒரு நாள் தங்கியிருக்கக் கூடும். அது மனிதருக்கு நோய் தருவது மிகமிக அரிது. ஆனால் மனிதர் அதைச் சுமந்து செல்வார். உறவினர் மாட்டுக்கு நோய் என்றால் விசாரிக்கப் போவது நம் வழக்கம். போகட்டும், ஆனால் திண்ணையோடு நிற்கட்டும். தொழுவத்துக்குள் நுழைந்திருந்தால் குளித்து, உடுப்பு மாற்றி, மறுநாள் வரை தம் மாட்டிடம் போகாதிருக்கட்டும்.

சலவைச் சோடா

கோமாரிக் கிருமி புளிப்புக்கும் காரத்துக்கும் தாங்காது. லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, தரை, தொட்டி, வாளி, கயிறு எல்லாவற்றையும் கழுவலாம். சாணத்தையும் எச்சிலையும் முதலில் வழித்து எடுத்த பிறகே ஊற்ற வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து அழுக்கோடு நின்று விடும். தொழுவ வாசலில் பழைய சாக்கை இந்தக் கரைசலில் நனைத்துப் போட்டு, உள்ளே போகிறவர் எல்லாரும் மிதித்துப் போகச் செய்யலாம். சாக்கு காயக் கூடாது. பினாயில் வாசனை வந்தால் கிருமி செத்தது என்று பலர் நினைக்கிறார்கள். கோமாரியைப் பொறுத்தவரை பினாயிலை விட, கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சலவைச் சோடாவே மேல்.

நோய் கண்ட மாட்டின் வாயையும் குளம்பையும், லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த தண்ணீரால் கழுவி விடலாம். கஞ்சி, ஊற வைத்த தவிடு, இளம் புல் போன்ற மெதுவான தீனி கொடுக்க வேண்டும். மருத்துவர் போடும் ஊசி புண்ணில் பாக்டீரியா சேராமல் தடுப்பதற்காகும். வைரஸைக் கொல்லும் ஊசி இல்லை. நாமாகவே மருந்துக் கடையில் ஊசி மருந்து வாங்கிப் போடுவது வீண் செலவு. நோய் மாட்டின் எச்சிலை மற்ற மாடுகளின் வாயில் தடவி, எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் வந்து போகட்டும் என்று விடும் வழக்கம் முன்பு பல நாடுகளில் இருந்தது. அது கன்றுகளைக் கொல்லும் வழியாகும். யார் சொன்னாலும் செய்யக் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை

இந்தியாவில் போடப்படும் கோமாரித் தடுப்பூசி ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகைக் கிருமிகளுக்கு எதிரானது. ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பு இன்னொரு வகையைத் தடுக்காது. ஒரு முறை கோமாரி வந்து போன மாட்டுக்கு மறுபடி வராது என்று இருந்து விடுவது அதனால்தான் தவறாகிறது. கன்றுக்கு 4 மாத வயதில் முதல் ஊசியும், ஒரு மாதம் கழித்து மறு ஊசியும், பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறையும் போட வேண்டும். 2019-ல் தொடங்கிய நாடு தழுவிய திட்டத்தின் கீழ் ஊருக்கே வந்து இலவசமாகப் போடுகிறார்கள். ஊசி போட்ட ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம். அந்த ஒரு லிட்டருக்காக மாட்டை ஓட்டிக் கொண்டு காட்டுக்குப் போய் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறைசினை மாடாக இருந்தால் ஊசி போட வருபவரிடம் முன்கூட்டியே சொல்லி விட வேண்டும். ஊசியின் பலன் கிடைக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். பக்கத்து ஊரில் நோய் வந்த பிறகு ஓடிப் போய்ப் போட்டுக் கொள்வதில் பாதிப் பலன் போய் விடுகிறது.

ஒரு காலத்தில் ஊர் ஊராக மாடுகளை வாரிக் கொண்டு போன வெக்கை நோயைப் பெரியவர்கள் கேட்டறிந்திருப்பார்கள். அதுவும் வைரஸ் நோய்தான். தடுப்பூசியாலும் மாடுகளின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியதாலும் 1995-க்குப் பிறகு இந்தியாவில் அது காணப்படவில்லை. 2011-ல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

மண்ணில் உறங்கும் கிருமி

பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும். எல்லாக் கிருமியும் கை வழியாக வருவதில்லை. அடைப்பான் என்னும் ஆந்திராக்ஸ் கிருமி மண்ணில் உறங்கும். கோரைக் கிழங்கு கோடையில் மண்ணுக்குள் கிடந்து மழைக்கு முளைப்பதை அறியாத விவசாயி இல்லை. இக்கிருமியும் காற்றுப் பட்டால் தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை போட்டுக் கொண்டு விதை போலாகி, பல பத்தாண்டுகள் கூட மண்ணில் கிடக்கும். வெயிலும் வறட்சியும் அதை ஒன்றும் செய்வதில்லை. மண்ணோடு சேர்த்துக் கரண்டும் புல்லை மேயும் மாட்டின் வயிற்றுக்குள் போய் மீண்டும் உயிர் பெறும்.

நேற்று மாலை நன்றாக மேய்ந்த மாடு காலையில் செத்துக் கிடக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது. மூக்கு, வாய், ஆசன வாய் வழியாகக் கறுத்த, உறையாத இரத்தம் கசிகிறது. உடல் விறைக்கவில்லை. இவற்றைக் கண்டால் அடைப்பான் என்று ஐயுற்று, எவரையும் நெருங்க விடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். தோலை உரிக்கக் கூடாது. அறுக்கக் கூடாது. இறைச்சியைப் பங்கு போடக் கூடாது. செத்தது செத்தது, தோலாவது மிஞ்சட்டும் என்று நினைப்பது ஏழை விவசாயிக்கு இயல்பே. ஆனால் அறுக்காத உடலுக்குள் இருக்கும் கிருமி, உடல் அழுகும்போது சில நாட்களில் தானே மடிந்து விடும். கத்தி பட்டு இரத்தம் வெளியே சிந்தினால், சிந்திய ஒவ்வொரு துளியும் காற்றுப் பட்டு விதையாகி மேய்ச்சல் நிலத்தில் விழுகிறது. அந்த ஒரு தோல், அடுத்த தலைமுறையின் மாடுகளுக்கும் எமனாகி விடுகிறது.

அறுத்தவர் கைக்கும் ஆபத்து. முதலில் சிறு கொப்புளம், பிறகு நடுவில் கரிபோல் கறுத்த புண். வலி இராது. வலிக்காததால் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்து விடுகிறார்கள். உடனே போய், செத்த மாட்டைத் தொட்ட செய்தியையும் மறைக்காமல் சொன்னால் மருந்தால் குணமாகும். மறைத்தால் உயிருக்கே கேடு.

செத்த மாட்டை இழுத்துச் செல்லாமல், மருத்துவர் சொல்லும் இடத்தில் எரிக்க வேண்டும். அல்லது ஏரி, கிணறு, வாய்க்காலுக்கு எட்டத்தில் ஆறடிக்குக் குறையாத குழியில் புதைத்து, நாய் தோண்டாதபடி முள் அடைக்க வேண்டும். அந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அங்கே ஆடு மாடு மேய்க்கக் கூடாது என்று சொல்லி வைக்க வேண்டும். அடைப்பான் வந்த ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போடப்படுகிறது. 1932-ல் தொடங்கிய இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் இம்மருந்து தயாராகிறது.

பிள்ளைகள் பார்க்க வேண்டியவை

காலையில் தும்பை அவிழ்க்கும் முன் பிள்ளைகள் ஒரு நிமிடம் நின்று மாட்டைப் பார்க்கப் பழக வேண்டும். அசை போடுகிறதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா, எச்சில் வடிகிறதா, நாலு காலையும் ஊன்றி நிற்கிறதா என்று பார்த்து, ஏதேனும் மாறுதல் தெரிந்தால் மேய்ச்சலுக்கு ஓட்டாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பொது மேய்ச்சலுக்கும் ஊர்க் குட்டைக்கும் அன்று அந்த மாடு போகக் கூடாது. கால்நடை மருந்தகம் தொலைவில் இருந்தால் 1962 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம்.

பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைத் தொழுவத்துக்கென்று ஒதுக்கி, மாட்டின் காது வில்லை எண், ஊசி போட்ட தேதி, அடுத்து போட வேண்டிய மாதம் இவற்றைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதி வைக்கலாம். சந்தையிலிருந்து மாடு வந்தால் வந்த தேதியையும், 3 வாரம் முடியும் தேதியையும் அதே பக்கத்தில் குறித்து விட வேண்டும்.